எங்கப்பாவுக்கு அழாதவர் ராஜா கச்சேரியில அழுதார்

அன்புள்ள மேடம்,

நான் இங்கிலாந்துல மான்செஸ்டர்ல நர்ஸா இருக்கேன், வயசு 43, கல்யாணமாகி 18 வருஷம், ரெண்டு பசங்க. வீட்டுக்காரர் ஐடில இருக்கார். ரெண்டு பேருக்குமே தேனி பக்கம், அவருக்கு உத்தமபாளையம், அதனால இளையராஜான்னா அவருக்கு சும்மா ரசிகர்னு சொல்லிட முடியாது, பண்ணைப்புரம் எங்க ஊருக்குப் பக்கத்துலதான்னு புதுசா யாரப் பார்த்தாலும் சொல்லிருவார், கார்ல வேற பாட்டு ஓடாது, பசங்க கூட சலிச்சுப்பாங்க.

2025 மார்ச் 8 லண்டன்ல ராஜாவோட சிம்பொனி 'வேலியன்ட்' அரங்கேறப் போகுதுன்னு தெரிஞ்சதும் அவருக்குத் தெரியாம நான்தான் டிக்கெட் போட்டேன். எக்ஸ்ட்ரா ஷிப்ட் பார்த்து சேர்த்த காசு மேடம். சனி ஞாயிறு பசங்கள ஃப்ரெண்ட் வீட்ல விட்டுட்டு நாங்க ரெண்டு பேர் மட்டும் போய் ஹோட்டல்ல தங்கி, ஞாயித்துக்கிழமை தேம்ஸ் ஓரமா நடந்து, டூட்டிங்ல நல்லா சாப்ட்டுட்டு வரலாம்னு பிளான். பசங்க பொறந்ததுக்கு அப்புறம் நாங்க தனியா போனதே இல்ல. டிக்கெட்ட காட்டினப்ப அவர் மூஞ்சியப் பார்க்கணுமே, அவ்ளோ சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை நைட் டூட்டி முடிச்சுட்டு நேரா கிளம்பினேன். மான்செஸ்டர் பிக்காடில்லி ஸ்டேஷன்ல ரயில் ஏறி ரெண்டு மணி நேரத்துக்கு மேல, லண்டன் யூஸ்டன்ல இறங்கி ட்யூப் ரயில் புடிச்சு ஹேமர்ஸ்மித். கச்சேரி நடக்கற அப்போலோ அரங்கு வாசல்ல பார்த்தா பட்டுச்சேலை, வேட்டி, மல்லிகைப்பூ, லண்டன்லயா இருக்கோம்னு ஆயிருச்சு. உள்ள ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா உக்காந்து ஆரம்பிச்சாங்க. எனக்கு சிம்பொனி எல்லாம் தெரியாது, ஆனா நல்லா இருந்துச்சு, முதல் பகுதி முடிஞ்சதும் கை தட்டினேன், உடனே அவர் என் கையப் புடிச்சு "நடுவுல தட்டக்கூடாது, பேசாம இரு"ன்னார், அதுக்குள்ள ஹாலே தட்டுது, ஆனா எனக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு.

ரெண்டாவது பாதியில சினிமா பாட்டு வாசிச்சாங்க. அதுல ஒரு பாட்டு, குரல் கூட வரல, அந்த முன்னிசை வந்ததுமே அவருக்கு கண்ணுல தண்ணி கொட்டுது. தேம்பி அழறார். நான் பயந்து போய் கையப் புடிச்சேன். அவர் கைய எடுத்துக்கிட்டார் மேடம். தட்டி விடல, மெதுவா எடுத்து மடியில வச்சுக்கிட்டார். அதுக்கு தட்டி விட்டிருந்தா கூடப் பரவால்ல போல. ஹோட்டலுக்கு வந்து என்னாச்சுன்னு கேட்டா "ஒண்ணுமில்ல, உனக்கு இதெல்லாம் புரியாது"ன்னு சொல்லிட்டு திரும்பிப் படுத்துட்டார். மறுநாள் தேம்ஸும் இல்ல டூட்டிங்கும் இல்ல, தலைவலின்னுட்டார், ரயில்ல ஹெட்போன மாட்டிக்கிட்டு வந்தார்.

இது நடந்து மாசக்கணக்கா ஆச்சு, வீட்ல எல்லாம் சாதாரணமாத்தான் போகுது, எனக்குத்தான் மனசு ஆறல. அந்தப் பாட்டுல யார் இருக்கா? கல்யாணத்துக்கு முன்னாடி யாரையாவது விரும்பினாரா? மத்தபடி சந்தேகப்படற மாதிரி எதுவும் இல்ல, போன் மேசையில கிடக்கும், சம்பளம் ஜாயின்ட் அக்கவுன்ட்லதான். ஆனா எங்கப்பா 2020 மே மாசம் போனப்ப, ஃப்ளைட்டே இல்ல, நான் கோவிட் வார்டுல வேல பார்த்துட்டு வந்து லேப்டாப்ல தான் அப்பா முகத்தப் பார்த்தேன், அப்ப இவர் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல. லேப்டாப்ப சரி பண்றதும், ஊருக்கு போன் போட்டு சித்தப்பா கிட்ட காசு வந்துச்சான்னு கேக்கறதும், பசங்களுக்கு சோறு போடறதும்னு இருந்தார். அப்பா இவர மாப்பிள்ளைன்னு கூட கூப்பிட மாட்டாங்க, தம்பின்னுதான் கூப்பிடுவாங்க. அப்படிப்பட்டவருக்கு வராத அழுகை ஒரு பாட்டுக்கு வருது. எங்கப்பா வண்டியில போறப்ப சுசீலா பாட்டு பாடிக்கிட்டே போவாங்க, அவங்க போனதுல இருந்து நான் அந்தப் பாட்டு எதையும் கேக்கறதில்ல, இவருக்கு அது தெரியுமான்னு கூட தெரியல.

இப்ப அடுத்து ராஜா கச்சேரி இந்தப் பக்கம் எங்க நடந்தாலும் ஃப்ரெண்ட்ஸோட போயிட்டு வர்றேன், நீ அலைய வேணாம்ங்கறார். நான் என்ன பண்ணட்டும் மேடம்? நேரா கேட்டுரலாமா?

பெயர் வேண்டாம், மான்செஸ்டர்.

ஆலோசகர் பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். நீங்க கேட்ட கேள்வி "அந்தப் பாட்டுல யார் இருக்கா"ங்கறது. அதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், ஆனா உங்க லெட்டர்ல அதவிட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு, அதுக்கு வர்றதுக்குத்தான் இவ்ளோ எழுதறேன்.

நமக்கு 10 வயசுல இருந்து 30 வயசுக்குள்ள நடந்ததெல்லாம் மத்த வருஷங்கள விட மனசுல அழுத்தமா நிக்கும், உளவியல்ல இத ரொம்ப காலமா பார்த்து வச்சிருக்காங்க, அதுலயும் பதின்வயசுல கேட்ட பாட்டுக்கு தனி பலம். உங்க வீட்டுக்காரர் வயசு நீங்க எழுதல, உங்கள விட கொஞ்சம் மூத்தவர்னு வச்சுக்கிட்டா அவர் ஸ்கூல் காலம் முழுக்க 80களும் 90களும். அப்ப தேனி பக்கத்துல டீக்கடை, பஸ், கல்யாண வீட்டு மைக் செட் எதுல போனாலும் ராஜாதான், ரெக்கார்டிங் சென்டர்ல லிஸ்ட் எழுதிக் குடுத்து கேசட்ல பதிஞ்சு வாங்கின தலைமுறை அது. ஒரு பாட்டுக்குள்ள அவங்க அம்மா இருக்கலாம், வித்துப் போன வீடு இருக்கலாம், கூடப் படிச்சு செத்துப்போன பையன் இருக்கலாம். ஒரு பொண்ணும் இருக்கலாம், இல்லவே இல்லன்னு நான் லெட்டர வச்சு சத்தியம் பண்ண முடியாது. ஆனா 17 வயசுல ஒரு பையன் மனசுல இருந்த பொண்ணு இன்னிக்கு உங்க குடும்பத்துக்குள்ள வந்து நிக்கற ஆள் இல்ல. போன் மேசையில கிடக்குது, சம்பளம் ரெண்டு பேர் கணக்குலயும் இருக்குதுன்னு நீங்களே எழுதிட்டீங்க.

குரல் வர்றதுக்கு முன்னாடியே அழுதார்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது முக்கியம். கனடாவுல மெக்கில் யுனிவர்சிட்டில 2011ல ஒரு ஆராய்ச்சி வெளியாச்சு, பிடிச்ச பாட்டு உச்சத்துக்கு வர்றப்ப மட்டும் இல்ல, அது வரப்போகுதுன்னு எதிர்பார்க்கற அந்த சில நொடிகள்லயே மூளையில டோபமைன்னு சந்தோஷம் தர்ற ஒரு ரசாயனம் சுரக்குதுன்னு ஸ்கேன்ல காட்டினாங்க. ஆயிரம் தடவ கேட்ட முன்னிசைய, வாழ்க்கையில முதல் தடவ அவ்ளோ வயலின் சேர்ந்து கண்ணு முன்னாடி வாசிக்குது, அத எழுதின 81 வயசு மனுஷன் அதே ஹால்ல இருக்கார். அவர் யோசிச்சு அழல. உடம்பு முந்திக்கிச்சு. கைய எடுத்துக்கிட்டதையும் நான் அப்படித்தான் பார்க்கறேன், ஆம்பளப் புள்ள அழக்கூடாதுன்னு வளர்ந்தவங்க அழுகை மீறிப் போறப்ப யார் தொட்டாலும் சுருங்கிருவாங்க, அதுலயும் ரொம்ப நெருக்கமானவங்க தொட்டா இன்னும் உடைஞ்சிருவோம்னு பயம் வரும். அந்த ஹால்ல நீங்க இல்லாம அவங்கம்மாவே உக்காந்திருந்தாலும் அப்படித்தான் எடுத்திருப்பார்னு நினைக்கறேன்.

ஆனா "உனக்கு இதெல்லாம் புரியாது"ன்னது அப்படி இல்ல. அது உங்களப் பார்த்து சொன்னது, அது தப்பு. நைட் டூட்டி முடிச்சு தூக்கமில்லாம, சேர்த்த காசுல கூட்டிட்டுப் போனவங்க கிட்ட சொல்ற வார்த்தை இல்ல அது. கை தட்டினதுக்கு அடக்கினதும் அதோட சேர்ந்ததுதான். சிம்பொனியில நாலு பகுதியும் முடியற வரைக்கும் தட்டாம இருக்கறது இப்ப வழக்கம், வாஸ்தவம். ஆனா பீத்தோவன் காலத்துல நடுவுல தட்டுவாங்க, அவரோட 7வது சிம்பொனி 1813ல முதல் தடவ வாசிச்சப்ப ரெண்டாவது பகுதிய திரும்ப வாசிக்கச் சொல்லி ஜனங்க கேட்டாங்க. ராஜா சாரும் சென்னைக்குத் திரும்பி வந்து, நம்ம ஜனங்க ஒவ்வொரு பகுதிக்கும் தட்டினத சந்தோஷமாத்தான் சொன்னார். நீங்க தட்டினதுல ஒரு குறையும் இல்ல, அத மனசுல இருந்து எடுத்துடுங்க.

அதனால அழுகைய விசாரிக்காதீங்க, அந்த வார்த்தைய கேளுங்க. "யார நினைச்சு அழுதீங்க"ன்னு கேட்டா அவர் இன்னும் மூடிக்குவார், ஏன்னா அவருக்கே முழுசா தெரிஞ்சிருக்காது. அதுக்கு பதிலா, "புரியாதுன்னு சொன்னீங்கல்ல, அன்னிக்கு ரொம்ப வலிச்சுச்சு, அந்த ரெண்டு நாளுக்காக நான் எவ்ளோ ஆசைப்பட்டேன் தெரியுமா"ன்னு சொல்லுங்க. சொல்லிட்டு நிறுத்துங்க, அவர் பதில் சொல்ற வரைக்கும் சும்மா இருங்க. அப்புறம் வேற ஒரு நாள், அதே நாள் வேணாம், அந்தப் பாட்ட முதல்ல எங்க கேட்டீங்க, எத்தனாங்கிளாஸ் படிச்சப்பன்னு கேளுங்க. கார்ல போறப்ப கேட்டா நல்லது, ரெண்டு பேரும் ரோட்டப் பார்த்துக்கிட்டு இருக்கறப்ப ஆம்பளைங்க கொஞ்சம் ஈஸியா பேசுவாங்க, என் கிட்ட வர்ற நிறைய தம்பதிகள்ட்ட இதப் பார்த்திருக்கேன்.

இப்ப அந்தப் பெரிய விஷயம். கச்சேரியப் பத்தி எழுத ஆரம்பிச்சு அப்பா கிட்ட வந்துட்டீங்க, வந்த இடத்துலதான் உங்க எழுத்து வேகமாப் போகுது. கைய எடுத்தத விட "எங்கப்பாவுக்கு அழலயே"ங்கறதுதான் உங்கள அரிச்சுக்கிட்டு இருக்கு. அவருக்கு கண்ணீர்னு ஒண்ணு இருக்குன்னு அந்த ராத்திரிதான் பார்த்தீங்க, அப்படின்னா 2020ல எங்கப்பாவுக்கு மட்டும் ஏன் இல்லன்னு கேள்வி வந்துருச்சு. வரத்தான் செய்யும்.

கென்னத் டோகா, டெர்ரி மார்ட்டின்னு ரெண்டு பேர் துக்கத்தப் பத்தி நிறைய எழுதியிருக்காங்க. சிலருக்கு துக்கம் கண்ணீரா வரும், சிலருக்கு வேலையா வரும், ரெண்டுமே துக்கம்தான்னு சொல்றாங்க. நீங்க குறையா எழுதின வரியவே திரும்பப் படிங்க: லேப்டாப்ப சரி பண்ணார், ஊருக்கு போன் போட்டார், காசு போச்சான்னு பார்த்தார், புள்ளைங்களுக்கு சோறு போட்டார். சாவு வீட்டுல மருமகன் செய்யற வேலைதான் அது, ஊர்ல இருந்திருந்தா பந்தல் போட ஆள் சொல்லி, வந்தவங்களுக்கு காப்பித்தண்ணி பார்த்து, பாடையோட நடந்திருப்பார். தம்பின்னு கூப்பிட்ட மாமனாருக்கு அவரால அன்னிக்கு அவ்ளோதான் செய்ய முடிஞ்சது. இத அவர் சார்பா நான் வக்காலத்து வாங்கறேன்னு நினைக்காதீங்க, கூட உக்காந்து ஒரு பத்து நிமிஷம் உங்க தோளப் புடிச்சிருக்கலாமே, அது வேணும்தான், அது கிடைக்கலன்னு நீங்க அவர்ட்ட சொல்றதுக்கு இன்னும் நேரம் தாண்டிடல.

நீங்களும் அழுது முடிக்கல. வார்டுல அத்தனை சாவப் பார்த்துட்டு வந்து அப்பாவ ஒரு ஸ்கிரீன்ல அனுப்பி வச்சிருக்கீங்க, மறுபடி டூட்டிக்குப் போயிருக்கீங்க. சுசீலா பாட்டக் கேக்கறதே இல்லன்னு எழுதினதப் பார்த்ததும் எனக்கு மனசு ரொம்ப கனத்துச்சு. அவருக்குத் தெரியுமான்னே தெரியலன்னு எழுதியிருக்கீங்க. தெரியாதும்மா. யாரும் சொல்லாம அவருக்கு எப்படித் தெரியும். சொல்லுங்க. ஒரு ஞாயித்துக்கிழமை பசங்க வெளிய இருக்கறப்ப அப்பா வண்டியில பாடின பாட்டு ஒண்ண போடுங்க, கூட வந்து உக்காருங்கன்னு கூப்பிடுங்க. அங்க நீங்க அழுதா அவர் என்ன பண்றார்னு பாருங்க. பாட்டுக்கு அழுதவர்தானே, பாட்டுக்கு அழறவங்கள அவருக்கு நிச்சயம் புரியும்.

அடுத்த கச்சேரிக்கு ஃப்ரெண்ட்ஸோட போறேங்கறார்னா போகட்டும், அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல, உங்களுக்கு ராஜா பாட்டு அவர் அளவுக்குப் பிடிக்கணும்னு ஒரு சட்டமும் இல்ல. ஆனா நீ அலைய வேணாம்னு அவரே முடிவு பண்ணக்கூடாது, வரணும்னு தோணுச்சுன்னா நானும் வர்றேன்னு சொல்லுங்க. அந்த நடக்காம போன தேம்ஸ், டூட்டிங், அது தனி கணக்கு. கச்சேரி எதுவும் இல்லாத ஒரு வாரக்கடைசியில அத மறுபடி போடுங்க, இந்த தடவ டிக்கெட்டும் ரூமும் அவர் பார்க்கட்டும்.

பேசியும் சரியா வரலன்னா, ரெண்டு பேரும் சேர்ந்து போக அங்க ரிலேட்னு ஒரு அமைப்பு இருக்கு, தம்பதிகளுக்குன்னே ஆலோசனை குடுக்கறாங்க. அப்பா விஷயத்துக்கு க்ரூஸ்னு இன்னொண்ணு, இறந்தவங்கள நினைச்சு தவிக்கறவங்களுக்காகவே இருக்கறது, எத்தனை வருஷம் கழிச்சும் கூப்பிடலாம். நீங்க நர்ஸுங்கறதால உங்க ஆஸ்பத்திரியிலயே ஸ்டாஃபுக்கு கவுன்சிலிங் இருக்கான்னும் கேட்டுப் பாருங்க. நைட் டூட்டி முடிச்சு வந்த அன்னிக்கு மட்டும் இந்தப் பேச்ச எடுக்காதீங்க.