பத்து மீட்டர் பயிற்சிக்கு மலிவான டார்கெட் ஸ்டாண்ட்: கேள்வி பதில்

10 மீட்டர் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் பயிற்சிக்கு வீட்டிலேயே ஸ்டாண்ட் செய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். 4.5 மி.மீ. ஈயப் பெல்லட் (ஏர் துப்பாக்கியின் சின்னக் குண்டு), மேட்ச் துப்பாக்கியின், அதாவது போட்டித் துப்பாக்கியின் வேகம், இதற்கு மட்டும்தான் இந்தப் பதில்கள் பொருந்தும்.

கோவையிலிருந்து: சார், முக்கால் இன்ச் பி.வி.சி. பைப்பில் ஸ்டாண்ட் செய்யலாமா? எவ்வளவு கனம் வேண்டும்?

செய்யலாம். ஆனால் முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: ஸ்டாண்ட் வேறு, தடுப்பு வேறு. ஸ்டாண்டின் வேலை டார்கெட் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டுமே. பெல்லட்டை நிறுத்துவது பின்னால் இருக்கும் தடுப்பின் வேலை. அதனால் ஸ்டாண்டில் எவ்வளவு வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள், தடுப்பில் மட்டும் வேண்டாம்.

என் கை எப்போதும் ரீப்பர் கட்டைக்குத்தான் போகும். 2-க்கு 1 இன்ச் ரீப்பரில் ஐந்தரை அடி நீளத்துக்கு இரண்டு நிலைக்கால், இரண்டரை அடிக்கு இரண்டு அடிக்கட்டை, குறுக்கே ஒன்றரை அடியில் மேலே ஒன்று, கீழே ஒன்று. ஆணி அடிக்காமல் போல்ட்டும் விங் நட்டும் போட்டால் கழற்றிக் கட்டி பைக்கில் கொண்டுபோகலாம். கீழ்க் குறுக்குக் கட்டையின் மேல் ஒரு சின்ன மணல் மூட்டையை வைத்தால் மாடிக் காற்றுக்கும் அசையாது. தாளை ஓர் அட்டையில் வைத்து பைண்டர் கிளிப்பால் பிடியுங்கள். தாள் படபடத்தால் ஓட்டை கிழிசலாகிவிடும், மதிப்பெண் பார்க்க முடியாது.

பி.வி.சி.தான் வேண்டுமென்றால் அடிப்பாகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எல்போ, டீ எதையும் ஒட்டாமல் இறுக்கிச் செருகினாலே நிற்கும். வெயிலில் கிடந்த பைப் மொறுமொறுவென்று ஆகிவிடும். அதில் பெல்லட் பட்டால் சில்லு தெறிக்கும், ரீப்பரில் பட்டால் புதைந்துகொள்ளும். தாளுக்குப் பக்கத்தில் மரம் இருக்கட்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

சேலத்திலிருந்து: அப்படியானால் தடுப்பை எப்படிச் செய்வது?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். வெல்டிங் பட்டறையில் 3 மி.மீ. எம்.எஸ். ஷீட்டை (இரும்புத் தகடு) 30-க்கு 30 செ.மீ. வெட்டி வாங்குங்கள். இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் வரும். அதை ஒரு பெட்டிக்குள் 45 டிகிரி சாய்வில் பொருத்துங்கள். தகட்டின் மேல்விளிம்பு சுடுபவர் பக்கம் வர வேண்டும். அப்போது பெல்லட் தகட்டில் பட்டு, நசுங்கிக் கீழே மணல் தட்டில் விழும். தகட்டை நேராக நிமிர்த்தி வைத்தால் ஈயத் துணுக்கு உங்களை நோக்கியே திரும்பும்.

வெல்டிங் வசதி இல்லையா? ஓரடி ஆழமுள்ள மரப்பெட்டியில் பழந்துணியை நெருக்கி அடைத்து, முன்பக்கத்தை அட்டையால் மூடுங்கள். நடுப்பகுதிதான் சீக்கிரம் நைந்து குழியாகும், அவ்வப்போது கிளறி மறுபடி அடையுங்கள். அந்தத் துணியை ஒருநாளும் கொளுத்தாதீர்கள், ஈயப் புகை வரும்.

எந்தப் பெட்டியாக இருந்தாலும் அதற்குப் பின்னால், சுவருக்கு ஓரடி முன்பாக, பழைய ஜமக்காளத்தை இரண்டாக மடித்துத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். புதிதாகப் பழகுபவர் பெட்டியைத் தவறவிடுவார். தளர்ந்து தொங்கும் கனத்த துணி அந்த வேகத்தை வாங்கிக்கொள்ளும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யாரும் அந்த அறைக்குள் நிற்கக் கூடாது.

கடலூரிலிருந்து: எங்கள் ஊரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019 ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியதிலிருந்து என் மகளுக்கு இதே நினைப்பு. அவளுக்கு 12 வயது. ஸ்டாண்டை அவள் உயரத்துக்குக் குறைக்கலாமா?

வேண்டாம், அம்மா. விதிப்படி தாளின் நடுப்புள்ளி சுடுமிடத் தரையிலிருந்து 1.40 மீட்டர், 5 செ.மீ. கூடலாம் குறையலாம். போட்டியில் அந்த உயரம்தான் இருக்கும், அவள் உடம்பு இப்போதே அதற்குப் பழகட்டும். பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள், ஈயத்தூள் பிள்ளைகளுக்கு ஆகாது.

தஞ்சாவூரிலிருந்து: எந்த பைப் நல்லது?

கோவைக்காரருக்குச் சொன்னதேதான்.

சென்னையிலிருந்து: மெரினா பலூன் கடை மாதிரி பலகையில் பலூன் கட்டிச் சுடலாமா?

பலூனுக்குப் பின்னால் வெறும் பலகை இருந்தால் பெல்லட் திரும்பி வரும். ஜமக்காளத்தின் முன்னால் கயிற்றில் கட்டுங்கள். கண்ணாடி போடுங்கள்.

திருப்பூரிலிருந்து: அண்ணா, வீட்டில் 5 மீட்டர்தான் இருக்கிறது. டார்கெட்டைப் பாதி அளவில் அச்சிட்டால் போதுமா?

குறி பார்க்கப் போதும். ரைஃபிள் தாளின் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ., பாதியாக்கினால் 15.25. கண்ணுக்கு 10 மீட்டரில் தெரிவது போலவே தெரியும். உயரத்தை மட்டும் மாற்றுங்கள். உங்கள் பார்வை மட்டம் 1.60 மீட்டர் என்றால், 10 மீட்டரில் குறி 20 செ.மீ. கீழே இருக்கிறது. அதே சாய்வு 5 மீட்டரில் கிடைக்க 10 செ.மீ. கீழே, அதாவது 1.50-இல் வைக்க வேண்டும். ஆனால் அதில் வரும் மதிப்பெண்ணை நம்பாதீர்கள்.

மதுரையிலிருந்து: இதை ஏற்க முடியாது. பாதி தூரம், பாதி வட்டம், கணக்கு சரிதானே? என் மகன் 5 மீட்டரில் 100-க்கு 98 எடுக்கிறான்.

தூரம் பாதியானது, வட்டம் பாதியானது. பெல்லட் பாதியாகவில்லையே! பெல்லட்டின் விளிம்பு ஒரு வட்டத்தின் கோட்டைத் தொட்டாலே அந்த வட்டத்தின் மதிப்பெண். ரைஃபிளின் 10 வெறும் அரை மி.மீ. புள்ளி. ஆக 10 மீட்டரில் பெல்லட்டின் மையம் நடுவிலிருந்து 2.5 மி.மீ.க்குள் இருந்தால் 10, 5 மி.மீ.க்குள் இருந்தால் 9. பாதித் தாளில் புள்ளியின் ஆரம் 0.125, பெல்லட்டின் ஆரம் அதே 2.25, கூட்டினால் 2.375. 10 மீட்டருக்கு மாற்றினால் 4.75 மி.மீ. உங்கள் மகனின் 10-களில் பல உண்மையில் 9. பையன் திறமையைக் குறை சொல்லவில்லை. இந்த எண்ணை நம்பிப் போட்டிக்குப் போனால் அவன் மனம் உடைந்துபோகும் என்றுதான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து மீண்டும்: சரி, அப்போது சரியான தாளை எப்படி வரைவது?

ரைஃபிளுக்கு 10-ஐ வரையவே முடியாது, தேவையான வட்டம் பெல்லட்டுக்குள்ளேயே ஒளிந்துவிடும். அரை மி.மீ. புள்ளியை 9 என்று வையுங்கள். அடுத்த வட்டம் 3 மி.மீ. விட்டம், அது 8. அங்கிருந்து ஒவ்வொன்றுக்கும் 2.5 மி.மீ. கூட்டுங்கள். 20.5-இல் 1 வந்து நிற்கும். பிஸ்டலுக்கு நிலைமை மேல்: 10-இன் விட்டம் 3.5 மி.மீ., பிறகு ஒவ்வொரு வட்டத்துக்கும் 8 மி.மீ. கூடும். கறுப்பு வட்டம் 29.75 மி.மீ. ரைஃபிள்காரர்கள் மதிப்பெண்ணை விட்டுவிட்டு, ஐந்து ஓட்டைகளில் மிக விலகிய இரண்டின் மையத் தூரத்தை அளந்து இரட்டிப்பாக்குங்கள். முன்னேற்றம் அதிலேயே தெரியும்.

ஈரோட்டிலிருந்து: ஸ்டீல் பி.பி. குண்டு மலிவாகக் கிடைக்கிறதே?

இந்தத் தடுப்பில் கூடவே கூடாது. ஈயம் நசுங்கும், ஸ்டீல் அப்படியே துள்ளித் திரும்பும்.

நெல்லையிலிருந்து: பாயிண்ட் 22 துப்பாக்கிக்கு இதே பெட்டி தாங்குமா?

தாங்காது. அதற்கு உரிமமும், அனுமதி பெற்ற ரேஞ்சும் வேண்டும். உங்கள் மாவட்ட ரைஃபிள் கிளப்பில் கேளுங்கள்.

வேலூரிலிருந்து: பைப்புக்குள் கான்கிரீட் ஊற்றினால் ஸ்டாண்ட் உறுதியாகுமா?

பைப் கேள்விக்கு இதுவே கடைசிப் பதில். எடையைக் கூட்ட மணல் மூட்டை போதும். கான்கிரீட்டில் பட்ட பெல்லட் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது.

திருச்சியிலிருந்து: மாலையில் வெளிச்சம் போதவில்லை. விளக்கை எங்கே வைப்பது?

தாளுக்கு முன்னால், கீழிருந்து மேல்நோக்கி ஓர் எல்.இ.டி. ஃபோகஸ் லைட். விளக்குக்கு முன்னால் ஒரு ரீப்பர் துண்டை மறைப்பாக நிறுத்துங்கள், தாழ்ந்து வரும் பெல்லட் அதில் புதையும். வெளிச்சம் உங்கள் கண்ணில் அடிக்கக் கூடாது, தாளில் நிழல் விழக் கூடாது. போட்டியில் தாளின் மேல் குறைந்தது 1500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) கேட்பார்கள். லக்ஸ் காட்டும் செயலியைக் கைபேசியில் போட்டு, தாள் இருக்கும் இடத்தில் பிடித்துப் பார்த்தால் தோராயமாகத் தெரிந்துவிடும். அளக்கப் போகும்போது துப்பாக்கியைத் திறந்து, காலியாக மேசையில் வைத்துவிட்டுப் போங்கள்.