பிராம்ப்டனில் பஞ்சாபிப் பையன்களோடு தங்கலாமா?

தம்பி, திருச்சியிலிருந்து கனடாவுக்குப் படிக்க வருகிறீர்கள், டொராண்டோவை ஒட்டிய பிராம்ப்டனில் மூன்று பஞ்சாபிப் பையன்கள் இருக்கும் பேஸ்மென்ட்டில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது, டிவியில் காலிஸ்தான் (சீக்கியர்களுக்குத் தனிநாடு) பற்றிய செய்திகளைப் பார்த்துவிட்டு அப்பா வேண்டாம் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். இந்தியாவும் கனடாவும் முறைத்துக்கொண்டதில் நம்மைப் போன்றவர்களுக்கு என்ன வந்து சேரும் என்றும் கேட்டிருந்தீர்கள்.

தாராளமாகத் தங்குங்கள். நான் இந்த ஊருக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. என் பக்கத்து வீட்டுக்காரர் ஜலந்தர் பக்கத்துச் சீக்கியர், லாரி ஓட்டுகிறார். பாஜி என்றுதான் கூப்பிடுவேன், அண்ணன் என்கிற மாதிரி. எங்கள் மூத்தவள் பிறந்தபோது ஊரிலிருந்து யாரும் வர முடியவில்லை. அவர் மனைவி பஞ்ஜீரி கிளறி ஒரு பெரிய டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தார். கோதுமை மாவை நெய்யில் வறுத்து, பாதாமும் கோந்தும் போட்டுச் செய்வது. நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் லேகியம் போல. தலைப்பாகையைப் பார்த்ததும் அப்பாவுக்குக் காலிஸ்தான் நினைவு வருகிறதென்றால் இதைச் சொல்லுங்கள். 2021 கணக்கெடுப்பின்படி கனடாவில் 7,71,790 சீக்கியர்கள். அத்தனை பேருக்கும் ஒரே அரசியல் இருக்க முடியாது.

ஆனால் பாதிப்பே இல்லை என்று சொன்னால் அது பொய். எனக்கே வந்தது.

2023 ஜூன் 18 அன்று வான்கூவர் அருகில் உள்ள சர்ரேயில், ஒரு குருத்வாராவின் (சீக்கியர் கோயில்) வாகன நிறுத்தத்தில் ஹர்தீப் சிங் நிஜ்ஜார் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் குருத்வாராவின் தலைவர், கனடா குடிமகன். இந்திய அரசு பயங்கரவாதி என்று அறிவித்திருந்தவர். செப்டம்பர் 18 அன்று அப்போதைய பிரதமர் ட்ரூடோ, இதில் இந்திய அரசின் ஆட்களுக்குத் தொடர்பு உண்டு என்ற நம்பத்தகுந்த குற்றச்சாட்டை விசாரிப்பதாக நாடாளுமன்றத்தில் சொன்னார். இந்தியா அபத்தம் என்று மறுத்தது. ஆளுக்கொரு அதிகாரியை வெளியேற்றினார்கள். செப்டம்பர் 21 அன்று, தன் தூதரகங்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்று சொல்லி, கனடாக்காரர்களுக்கு விசா கொடுப்பதையே இந்தியா நிறுத்தியது.

அப்போது நான் கனடா பாஸ்போர்ட்டுக்கு மாறியிருந்தேன். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் இந்தியா போய்வர உதவும் ஓசிஐ அட்டைக்கு அப்புறம் விண்ணப்பிக்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தேன். ஐப்பசியில் தஞ்சாவூரில் என் அக்கா மகள் கல்யாணம். நான் ஒரே தாய்மாமன். சீர்த்தட்டு, பட்டு, மாலை எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. விசா இல்லை. உயிர் போகிற அவசரம் என்றால் தூதரகம் கவனிக்கும். கல்யாணம் அதில் சேராது. அக்டோபர் கடைசியில் சில வகை விசாக்களை மறுபடி திறந்தார்கள், எனக்கு அது உதவவில்லை.

அங்கே காலை ஆறு மணி முகூர்த்தம், இங்கே முந்தின நாள் இரவு எட்டரை. சித்தப்பா மகன் என் இடத்தில் நின்று மாலை போட்டான். நான் செல்போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாஜி லட்டு வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவரிடமும் ஓசிஐ கிடையாது. எண்பது வயது அம்மாவைப் பார்க்க நவம்பருக்கு டிக்கெட் போட்டிருந்தவர். தாலி கட்டும்போது மேளச் சத்தத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது, அவர் டீ போடப் போகிறேன் என்று எழுந்து போனார்.

உங்களைப் போல் வருகிறவர்களையும் அது விடவில்லை. அக்டோபரில் கனடா தன் அதிகாரிகள் 41 பேரை இந்தியாவிலிருந்து திரும்ப அழைத்தது. பெங்களூரு, மும்பை, சண்டிகர் துணைத் தூதரகங்களில் நேரடிச் சேவை நின்றது. விசாக் கோப்புகள் தேங்கின. மறு வருஷம் அக்டோபரில் இந்தியத் தூதர் உட்பட ஆறு பேரை கனடா வெளியேற்ற, இந்தியாவும் ஆறு பேரை வெளியேற்றியது. 2024 நவம்பர் 3 அன்று பிராம்ப்டன் இந்து சபா கோயிலில், இந்திய ஓய்வூதியக்காரர்களுக்கு உயிரோடு இருப்பதற்கான சான்றிதழை இந்தியத் தூதரகம் கொடுக்கும் முகாம் நடந்த இடத்தில், காலிஸ்தான் கொடி பிடித்து வந்தவர்களால் கைகலப்பானது. பாதுகாப்பு இல்லை என்று அதன்பின் சில முகாம்களை ரத்து செய்தார்கள். எங்கள் நண்பர் ஒருவரின் மாமனார், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், அந்த ஒரு காகிதத்துக்காக குளிரில் டவுன்டவுன் வரை போய்வந்தார்.

ஏன் இவ்வளவு தூரம் போனது என்பதுதான் உங்கள் கேள்வியின் உள்ளே இருக்கும் கேள்வி.

கனடாவில் பிரிவினை பேசுவது குற்றமில்லை. கியூபெக் மாகாணம் தனியாகப் போகலாமா என்று 1980-இலும் 1995-இலும் வாக்கெடுப்பு நடத்திய நாடு இது. இரண்டாவது முறை 50.58 சதவீதம் பேர் வேண்டாம் என்றதால்தான் நாடு உடையாமல் நின்றது. கியூபெக் பிரிவினை கேட்கும் கட்சி ஒன்று இன்றும் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறது. இந்தியாவில் வேறு கதை. அது நமக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1963-இல் பதினாறாவது சட்டத்திருத்தம் வந்த பிறகுதான் திராவிட நாடு கோரிக்கையை அண்ணா கைவிட்டார். ஆகவே 2023 செப்டம்பர் 10 அன்று சர்ரேயில் காலிஸ்தான் வாக்கெடுப்பு என்று வரிசையில் நின்றபோது, ஒட்டாவா, அதாவது கனடா அரசு, அதைப் பேச்சுரிமையாகப் பார்த்தது. டெல்லி நாட்டை உடைக்கும் வேலையாகப் பார்த்தது. அதே நாளில் ட்ரூடோ ஜி20 மாநாட்டுக்காக டெல்லியில் இருந்தார்.

பேச்சு மட்டும் என்றால் டெல்லி இவ்வளவு கோபப்பட்டிருக்காது என்பது என் எண்ணம். கனிஷ்கா இருக்கிறது. 1985 ஜூன் 23 அன்று கனிஷ்கா என்ற அந்த ஏர் இந்தியா 182 விமானம் அயர்லாந்துக்கு அருகே அட்லாண்டிக் கடலுக்கு மேல் வெடித்துச் சிதறியது. 329 பேர் இறந்தார்கள். அதில் 268 பேர் கனடா குடிமக்கள். வான்கூவரில் ஏற்றிய பெட்டிக்குள் குண்டு. பெட்டியை ஏற்றியவர் விமானத்தில் ஏறவே இல்லை. முந்தின வருஷம் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்தது, இந்திரா காந்தி கொல்லப்பட்டபின் டெல்லியில் சீக்கியர்கள் வேட்டையாடப்பட்டது, இரண்டுக்கும் பழி என்று காலிஸ்தான் தீவிரவாதிகள் இதைச் செய்தார்கள். கனடா உளவுத்துறை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்த டேப்புகளை அழித்துவிட்டது. 2005-இல் முக்கியக் குற்றவாளிகள் என்று நிறுத்தப்பட்ட இருவரும் விடுதலை. தண்டனை பெற்றவர் ஒரே ஒருவர், குண்டு செய்ய உதவியவர். இறந்தவர்கள் கனடாக்காரர்கள்தான் என்பதைக்கூட இந்த நாடு மனதில் வாங்க இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

அதே நேரம், கனடா மண்ணில் ஒரு கனடா குடிமகனை இன்னொரு அரசு ஆள் வைத்துக் கொன்றது என்பது உண்மையானால் அதையும் நான் ஏற்க மாட்டேன். நான்கு பேர் கைதாகி வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்பை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும், டிவி இல்லை.

இப்போது நிலைமை பரவாயில்லை. கார்னி பிரதமரானபின் 2025 ஜூனில் ஜி7 மாநாட்டுக்கு மோடியை அழைத்தார், ஆகஸ்டில் இரு நாடும் மறுபடி தூதர்களை நியமித்தன.

பையன்களோடு எப்படிப் பழகுவது? சகஜமாகப் பழகுங்கள். 1984 பற்றி நீங்களாக எடுக்காதீர்கள். அவர்கள் எடுத்தால் காது கொடுத்துக் கேளுங்கள். டெல்லிக் கலவரத்தில் ஆள் இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் இங்கே நிறைய. அந்த வலியைச் சொல்கிறவர் எல்லோரும் தனிநாடு கேட்பவர் இல்லை. பாஜி போகும் குருத்வாராவில் காலிஸ்தான் சுவரொட்டி ஒட்டியிருக்கிறது. அவருக்கு அதில் உடன்பாடு இல்லை, ஆனால் வெளியே வாய் திறக்க மாட்டார். கமிட்டிக்காரர்களும் அவருக்குத் தெரிந்தவர்கள், ஊரில் நிலமும் அம்மாவும் இருக்கிறார்கள், இரண்டு பக்கமும் அவருக்கு யோசனை. ஊர்வலத்தைப் படம் எடுத்து நக்கலாக ஒரு வரி போட்டு ஃபேஸ்புக்கில் ஏற்றாதீர்கள். பசித்தால் குருத்வாராவில் எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் லங்கருக்குப் போங்கள், தலையை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்தால் போதும், யார் எவர் என்று கேட்க மாட்டார்கள்.

காகித விஷயத்தில் மட்டும் என்னைப் போல் இருக்காதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட் கையில் இருக்கும்வரை ஊருக்குப் போக உங்களுக்குத் தடை இல்லை. பின்னாளில் குடியுரிமை வாங்கினால், பாஸ்போர்ட்டை ஒப்படைத்த கையோடு ஓசிஐக்கு விண்ணப்பித்துவிடுங்கள். விசா நின்றபோது அந்த அட்டை வைத்திருந்தவர்கள் தடையில்லாமல் போய்வந்தார்கள்.

டொராண்டோவில் ஹம்பர் விரிகுடாப் பூங்காவில், ஏரிக் கரையில், கனிஷ்காவில் போனவர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். ஒரே குடும்பப் பெயர் நான்கைந்து தடவை வரிசையாக வரும். சிங் என்ற பெயரும் அதில் இருக்கிறது. போன ஜூன் 23 அன்று பாஜியும் என்னோடு வந்தார். அடுத்த வருஷம் காரில் இன்னொரு இடம் இருக்கிறது, வந்து சேர்ந்ததும் போன் போடுங்கள்.