ஹேமர் பவளம் ஏன் சுருங்குகிறது?

கேள்வி: என் கடல்நீர்த் தொட்டியில் தண்ணீர் மட்டும் 200 லிட்டர். நன்றாக விரிந்திருந்த கிளை ஹேமர் பவளம் (உணர்கொம்பு நுனி சுத்தியல்போல இருக்கும் பவளம்) பத்து நாளாகச் சுருங்கிக் கிடக்கிறது. ஞாயிறுதோறும் கேஎச்சை (தண்ணீரின் கார்பனேட் அளவு, டிகிரியில்) ஏற்றும் பஃபர் தூள் போடுகிறேன். போட்டதும் கேஎச் 10, அடுத்த ஞாயிறு 6.5. நைட்ரேட் பூஜ்யம். தண்ணீர் இவ்வளவு சுத்தமாக இருந்தும் ஏன் இப்படி?
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: நீங்கள் கொடுத்த எண்களிலேயே விடை இருக்கிறது. வாரத்துக்கு 3.5 குறைகிறது, அதாவது நாளைக்கு 0.5. ஒரு வாரத்து இழப்பை ஒரே நாளில் கொட்டி ஈடுகட்டுவதுதான் பவளத்தை வாட்டுகிறது. கேஎச் 8-இல் நின்றாலும் சரி, 9-இல் நின்றாலும் சரி, ஏறி இறங்கக்கூடாது.

200 லிட்டரில் கேஎச்சை 1 டிகிரி ஏற்ற 6 கிராம் சமையல் சோடா போதும். பேக்கிங் பவுடர் வேண்டாம், அதில் அமில உப்பு கலந்திருக்கும். தினமும் 3 கிராமை ஆர்ஓ நீரில் கரைத்து, நீரோட்டம் பலமாக உள்ள இடத்தில் மெல்ல ஊற்றுங்கள். கால்சியம் கரைசலை அதே வேளையில் ஊற்றினால் இரண்டும் சேர்ந்து சுண்ணாம்பாகப் படிந்துவிடும். சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். கால்சியம் 420, மக்னீசியம் 1300 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவில் இருக்கட்டும். மக்னீசியம் குறைந்தால் கேஎச்சை நிலையாக வைப்பது கடினம்.

நைட்ரேட் பூஜ்யம் நல்ல செய்தி இல்லை. பவளத்தின் சதைக்குள் வாழும் பாசிக்கும் உரம் வேண்டும். 5 முதல் 10 பிபிஎம் வரை வரட்டும். பாஸ்பேட்டும் அதற்கு உரம்தான், எனவே பாஸ்பேட் உறிஞ்சி இருந்தால் எடுத்துவிட்டு, மீன்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக இரை போடுங்கள்.

பம்ப் நேராக அடிக்கிறதா என்றும் பாருங்கள். உணர்கொம்புகள் அலைபோல ஆட வேண்டும். ஒரே பக்கம் சாய்ந்தால் சதை எலும்பின் கூர்விளிம்பில் உரசிக் கிழியும். கிழிந்த இடத்தில் பழுப்பு நிறக் கூழ் கண்டால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். பம்பை நிறுத்தி, மெல்லிய குழாயால் கூழை உறிஞ்சி எடுத்து, அந்தக் கிளையைச் சதைக்குக் கீழே வெட்டி நீக்குங்கள். மிச்சத்தை அயோடின் கரைசலில் முக்கி எடுங்கள்.

கேள்வி: ஊருக்குப் போகும்போது ராமேஸ்வரம் கரையில் ஒதுங்கிய பவளத் துண்டுகளைக் கொண்டுவரலாமா?
— அதே வாசகர்

பதில்: கூடாது. 2001 முதல் கல் பவளங்கள் எல்லாமே வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. செத்த துண்டானாலும் குற்றமே.