கார் பக்கக் கண்ணாடி உடைந்து காயம்: தயாரிப்பாளர் மீது வழக்குப் போடலாமா?

செந்தூலில் கார் உருண்டு, ஜன்னல் கண்ணாடி நொறுங்கி, தம்பியின் கை வெளியே போய் அடிபட்டதாக எழுதியிருக்கிறீர்கள். போடலாம். ஆனால் கண்ணாடி உடைந்தது மட்டுமே குறைபாடு ஆகாது.

பெரும்பாலான கார்களின் பக்கக் கண்ணாடி டெம்பர்ட் (சூடேற்றிக் கடினமாக்கிய) வகை. அது உடைந்தால் கற்கண்டு போலச் சிறு கட்டிகளாகச் சிதற வேண்டும், வடிவமைப்பே அப்படித்தான். முன்கண்ணாடி லேமினேட்டட்: நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம் இருப்பதால் விரிசல் விட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்திலும் இதைப் போட்டிருந்தால் கை வெளியே போயிருக்காதே என்பதுதான் அமெரிக்க வழக்குகளின் வாதம். அங்கே விதி இரண்டு வகையையும் அனுமதிக்கிறது. அது குறைந்தபட்ச விதிதான், வழக்கைத் தடுக்காது என்று 2007இல் ஒரு மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2009இல் மேற்கு வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் நேர்மாறாகத் தீர்த்தது.

நம் மலேசியாவில் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 68. தயாரிப்பாளரோடு இறக்குமதியாளரும் பொறுப்பு. கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை. பொதுவாக எதிர்பார்க்கும் பாதுகாப்பு இருந்ததா என்பதே கேள்வி. பிறகு வந்த மாடல் இன்னும் பாதுகாப்பானது என்பதால் மட்டும் பழையது குறையுள்ளது ஆகிவிடாது.

அப்புறம், உடல் காயத்துக்குப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் நஷ்டஈடு தராது. நீதிமன்றம்தான்.

இப்போதே செய்ய வேண்டியது ஒன்று: காரை வொர்க்‌ஷாப்பில் கழுவ விடாதீர்கள். சீட்டிலும் கதவு இடுக்கிலும் கிடக்கும் துண்டுகளைப் படம் எடுத்து, ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். கட்டியா, கத்தி போன்ற நீளச் சில்லா என்பதை நிபுணர் அதில்தான் பார்ப்பார்.