சோறு எப்படிச் சக்தியாகிறது? ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியரிடம் சில கேள்விகள்

கேள்வி (பிளஸ் ஒன் மாணவி, மேலூர்): ஐயா, செல்லுக்குள் குளுக்கோஸ் எரிகிறது என்கிறார்கள். உள்ளே நெருப்பா?

பதில்: நெருப்பு இல்லையம்மா. அடுப்பில் எரிந்தால் ஆற்றல் மொத்தமும் சூடாகப் போய்விடும். செல் அவ்வளவு ஊதாரி அல்ல. முதலில் செல்லின் கூழ்ப்பகுதியான சைட்டோபிளாசத்தில் குளுக்கோஸைப் பைருவேட் என்ற இரண்டு சிறு மூலக்கூறுகளாக உடைக்கிறது. கையில் மிஞ்சுவது 2 ஏ.டி.பி. மட்டும்; ஏ.டி.பி. என்பது செல் செலவழிக்கும் ஆற்றல் நாணயம். மிச்ச வேலை செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில். உயிர்வேதியியல் அறிஞர் ஹான்ஸ் கிரெப்ஸ் 1937-இல் விளக்கிய சுழற்சி அங்கேதான் நடக்கிறது. கார்பன் எல்லாம் கார்பன் டை ஆக்சைடாகக் கழிகிறது.

கேள்வி (அதே மாணவி): ஆக்சிஜன் இன்னும் வரவே இல்லையே ஐயா?

பதில்: நல்ல பிடி! அது கடைசியில்தான் வரும். குளுக்கோஸிலிருந்து பறித்த எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் கைமாறிக்கொண்டே போகின்றன. அதில் கிடைக்கும் ஆற்றல் புரோட்டான்களைச் சவ்வின் மறுபுறம் தள்ளித் தேக்குகிறது. பெரியாற்றுத் தண்ணீர் லோயர் கேம்பில் டர்பைனைச் சுற்றிவிட்டுத்தானே நம் வைகைக்கு வருகிறது? அதுபோலத் தேங்கிய புரோட்டான்கள் ஏ.டி.பி. சிந்தேஸ் என்ற நொதி வழியே திரும்பப் பாய்கின்றன. அந்த நொதியின் ஒரு பகுதி உண்மையிலேயே சுழல்கிறது. சுழலச் சுழல ஏ.டி.பி. உருவாகிறது.

எலக்ட்ரான் வரிசையின் கடைசியில் கையேந்தி நிற்பது ஆக்சிஜன். எலக்ட்ரானை வாங்கி, ஹைட்ரஜனோடு சேர்ந்து நீராகிறது. அது வாங்காவிட்டால் வரிசை முழுவதும் நின்றுபோகும். சயனைடு கொல்வது இப்படித்தான்: இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல்லால் எடுத்துக்கொள்ள முடியாது. இழுத்த ஆக்சிஜனே கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது என்று எழுதினால் மதிப்பெண் தரமாட்டேன்.

கேள்வி: ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏ.டி.பி.யா, 36-ஆ? எங்கோ 30 என்றும் படித்தேன்.

பதில்: தேர்வில் உங்கள் பாடநூல் சொல்வதை எழுதுங்கள். இன்றைய கணக்கு ஏறத்தாழ 30 முதல் 32.

கேள்வி (நரசிங்கம்): யானைமலை ஏறினால் தொடை எரிகிறது. மறுநாளும் வலி. லாக்டிக் அமிலம்தானே?

பதில்: ஏறும்போது லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்) சேர்வது உண்மை, தம்பி. தசைக்கு ஆற்றல் அவசரமாகத் தேவைப்படும்போது பைருவேட் லாக்டேட்டாக மாறும். அந்த வழியில் ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏ.டி.பி.தான். ஆனால் சற்று ஓய்ந்ததும் அது இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். மறுநாள் வலி தசை இழைகளின் நுண்காயத்தால் வருவது. லாக்டேட் மீது வீண்பழி!

கேள்வி (பரோட்டா பிரியர், சிம்மக்கல்): உடல் இளைத்தால் கொழுப்பு எங்கே போகிறது? வியர்வையிலா?

பதில்: பெரும்பகுதி மூச்சில். 10 கிலோ கொழுப்பு கரைந்தால் அதில் சுமார் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாகவே வெளியேறுகிறது; மிச்சம் நீர். அதற்காக உட்கார்ந்த இடத்தில் வேகவேகமாக மூச்சு விடாதீர்கள். தலைதான் சுற்றும்.