லினக்ஸில் சத்தம் கரகரக்கிறதா? கேளுங்க, சொல்றேன்

அம்பாசமுத்திரத்திலிருந்து: அண்ணாச்சி, எங்க ஊர் கோயில் கொடையில் பதிவு செய்த வில்லுப்பாட்டை லேப்டாப்பில் போட்டேன். சத்தம் பத்தலைன்னு வால்யூமை 130 வரை ஏற்றினால் உடுக்கு அடிக்கிற இடமெல்லாம் கரகரன்னு பிசிறடிக்குது. ஸ்பீக்கர் போச்சா?

பதில்: ஸ்பீக்கர் மேல் பழி போடாதீங்க. 100 என்பது பதிவில் உள்ள ஒலி கூடாமல் குறையாமல் போகிற அளவு, அதற்கு மேல் ஏற்றுவது மென்பொருள் செய்கிற பெருக்கல்தான். 16 பிட் ஒலியில் அலையின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு எண், அதன் உச்சம் 32767. உடுக்கு அடி ஏற்கெனவே அந்த உச்சத்தை முட்டிக்கொண்டு இருக்கும், அதைப் பெருக்கினால் மேலே போக இடமில்லாமல் அலையின் தலை வெட்டுப்பட்டுப் போகும். பாவுகன்ட்ரோல் (pavucontrol) என்கிற ஒலி அமைப்பு நிரலில் 153 வரை இழுக்கலாம், கிட்டத்தட்ட 11 டெசிபல் கூடுதல். மெதுவாகப் பேசிய பேச்சுக்கு அது உதவும், உடுக்குக்கு ஆகாது. 100-க்கு இறக்கிக் கேட்டுவிட்டுச் சொல்லுங்க.

பாளையங்கோட்டையிலிருந்து: எனக்குக் கணினியில் 60 வைத்தாலே கரகரக்குது. வெளி ஸ்பீக்கரின் திருகைக் குறைத்தால் சத்தம்தான் குறையுது, கரகரப்பு போகலை.

பதில்: அதுதான் நல்ல தடயம். பிளேயர், டெஸ்க்டாப், சவுண்டு கார்டு, கடைசியில் ஸ்பீக்கர் என்று வரிசையாக நாலு மடை இருக்கு. மேல்மடையில் கரை உடைந்தபின் கீழ்மடையை அடைத்து என்ன செய்ய? முதலில் பிளேயரைப் பாருங்க, விஎல்சி தானே 125 வரை ஏற விடும். அப்புறம் டெர்மினலில் alsamixer என்று தட்டி, சவுண்டு கார்டின் அளவுகளைக் காட்டும் ஆல்சாமிக்சரைத் திறந்து, எஃப்6 அழுத்தி உங்க கார்டைத் தேர்ந்தெடுங்க. மாஸ்டர், பிசிஎம், ஸ்பீக்கர் என்கிற பட்டை ஒவ்வொன்றிலும் நிற்கும்போது மேலே டெசிபல் காட்டும், பூஜ்யத்தைத் தாண்டி நிற்பதைப் பூஜ்யத்துக்கு இறக்குங்க. டெஸ்க்டாப் வால்யூமை அசைத்தால் இதில் சிலது தானாக ஆடும், பயப்படாதீங்க.

தென்காசியிலிருந்து: புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு அருமை. ஆன்லைன் வகுப்பு தொடங்கினால் பழைய டெலிபோன் மாதிரி கேட்குது.

பதில்: அது வால்யூம் கோளாறே இல்லை. மைக் தேவைப்பட்டதும் ஹெட்செட், பாட்டுக்கான ஏ2டிபி (A2DP) என்கிற புளூடூத் முறையை விட்டுப் பேச்சுக்கான முறைக்கு மாறிவிடும். மைக்குக்கு லேப்டாப்பையே வைத்துக்கொண்டு, பாவுகன்ட்ரோலின் கான்ஃபிகரேஷன் பக்கத்தில் ஏ2டிபி-யைத் தேர்ந்தெடுங்க.

வள்ளியூரிலிருந்து: என் குரல்தான் எதிர்முனையில் கிழியுதாம்.

பதில்: மைக் ஒலியைப் பெருக்குகிற மைக் பூஸ்ட் உச்சத்தில் இருக்கும், பல லேப்டாப்பில் அது 30 டெசிபல். ஆல்சாமிக்சரில் எஃப்4 அழுத்தி மைக் பக்கத்துக்குப் போய், பூஸ்டை 10-க்கோ பூஜ்யத்துக்கோ கொண்டு வாங்க.

மறுபடி அம்பாசமுத்திரம்: 50 வைத்து ஹெட்போனில் கேட்டேன் அண்ணாச்சி, அப்பவும் உடுக்கு கரகரக்குது. வேற பாட்டெல்லாம் சுத்தமா இருக்கு.

பதில்: அப்போ பதிவிலேயே கிழிந்திருக்கு. போனைக் குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தீங்களா? ஆடாசிட்டி (Audacity) என்கிற ஒலித் திருத்த மென்பொருளில் திறந்து பெரிதாக்கிப் பாருங்க, அலையின் தலை சமமாக வெட்டின மாதிரி இருக்கும். வெட்டுப்பட்ட தலையைச் சரிசெய்யப் பார்க்கிற கிளிப் ஃபிக்ஸ் (Clip Fix) அதிலேயே உண்டு, ஓரளவு தேற்றும், ஆனால் போனது முழுசாகத் திரும்பாது. அடுத்த கொடைக்குக் குழாயை விட்டுத் தள்ளி உட்கார்ந்து பதிவு செய்யுங்க.