ஓய்வுநேரத்துக்கு ஒரு சங்கமா?

கேள்வி: ஓய்வுநேரத்த ஆராய்ச்சி பண்றதுக்குன்னே சங்கம் இருக்குன்னு பாலிடெக்னிக் படிக்கிற என் மக சொல்றா, நிஜமா சார்?
- வாசகி, ஈசூன்

பதில்: நிஜந்தாம்மா. பிரிட்டன்ல 1975லயே லெஷர் ஸ்டடீஸ் அசோசியேஷன் வந்தாச்சு, ஆஸ்திரேலியா நியூசிலாந்து ஆளுங்க 1991ல ஆன்சால்ஸ்னு ஒண்ணு தொடங்கி 1998லேர்ந்து ஆய்விதழும் கொண்டு வர்றாங்க. யாருக்கு ஓய்வு கிடைக்குது, யாருக்குக் கிடைக்கல, ஏன், இதான் அங்க பெரிய கேள்வி. நம்ம சிங்கப்பூரையே பாருங்களேன், ஞாயித்துக்கிழமை லிட்டில் இந்தியா புல்தரையில உக்காந்து வீட்டுக்கு போன் பேசற, வெளிநாட்டுலேர்ந்து வேலைக்கு வந்த தம்பிங்க, வேலை வீடுன்னே ஓடி சமூக மன்றத்த எட்டிக்கூடப் பாக்க நேரமில்லாத அம்மாங்க, இதெல்லாம் அசல் ஆராய்ச்சி விஷயம், பூங்கா எங்க வேணும்னு முடிவு பண்றவங்களுக்குக் கண்டிப்பா தெரியணும். வெட்டிப் படிப்புன்னு யாரு சொன்னாலும் கண்டுக்காம மகள தாராளமா படிக்க விடுங்க.